பாதரசத்தில் நூற்று எழுபது

தொண்ணூறுகளின் நடுவில், இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்த கையோடு, புனே பக்கம் ஆகுர்டியில் ஒரு பெரிய வாகனத் தொழிற்சாலையில் எனக்குப் பயிற்சி வேலை கிடைத்தது. கிடைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எழுத்துத் தேர்வு முடிந்து, நேர்முகமும் முடிந்து, மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அது வெறும் சடங்கு என்றார்கள். தேர்வானவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

கம்பவுண்டர் என் மேல்கையில் துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் குமிழை அமுக்கினார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்கியது. மறுபடி ஏற்றினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இந்தியில், "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்காரு. கூப்பிடுறேன்."

வாசலில் ஒரு நீள மரபெஞ்சு. எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் சட்டைக் கையை இறக்கிவிட்டபடியே வெளியே வந்து, சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். மறுபடி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் முறை டாக்டரே பார்த்தார். சத்தமாக எண்ணைச் சொன்னார், கம்பவுண்டர் எழுதிக்கொண்டார். நூற்று எழுபது, கீழே நூற்றுப்பத்து. "இந்த வயசுலயா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார், நான் ஏதோ செய்துவிட்டு வந்ததைப் போல. வீட்டில் யாருக்காவது உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். கடைசியாக, "ரொம்பக் கோபப்படுவியோ?" என்றார். கொஞ்சம் கோபம் வரும் என்றேன். அவர் தலையாட்டி அதையும் எழுதச் சொன்னார்.

அப்பா தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் ஸ்டோர்மேன் வேலை அவருக்கு. அன்றைக்கு அரைநாள் லீவு போட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"என்னளா, முடிஞ்சிட்டா?"

"வேல இல்லங்காவப்பா. பிரஷர் இருக்காம்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் நான் சொன்னதைப் புரிந்துகொள்ளவே சிறிது நேரம் ஆனது. பிரஷர் என்பது கிடங்கில் ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு வருவது. உப்பில்லாத சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிற பெரியவர்களுக்கு உரியது. இருபது வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருக்க முடியும்? லோக்கல் ரயிலில் திரும்பும்போது அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஸ்டேஷன் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "குவாட்டர்ஸ்ல கேட்டாவன்னா வேகன்சி இல்லன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாண்டாம்."

ஆனால் அம்மாவுக்குக் கவலை தாங்கவில்லை. பிரஷர்க்காரர்களுக்கு என்ன சமைத்துப் போட வேண்டும் என்று அடுத்த பிளாக்கில் ஒரு அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். கிடங்கு ஊழியர்களுக்கான எங்கள் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் தமிழர்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு செய்தி விழுந்தால் அது தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ஒரே நாளில் சுற்றிவிடும். "அந்தப் பிள்ளைக்குப் பிரஷராம்லா. கோவக்காரி போல." இதை என் காதில் விழும்படியே சொன்னார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டதைச் சொன்னார்கள்.

நான் அப்படியொன்றும் கோபக்காரி இல்லை. மற்றவர்களைப் போலத்தான். குடத்தை யாராவது வரிசையில் தள்ளி வைத்தால் கேட்பேன். தம்பி என் பேனாவை எடுத்தால் கத்துவேன். அதற்குப் பிறகு கேட்க முடியாமல் போனது. வாயைத் திறந்த உடனே, "பாத்துளா, பிரஷர் ஏறப் போவுது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அம்மாவே சொன்னாள். "ஒனக்கு அந்தக் கோவந்தாம்ளா எல்லாம். பொறந்ததுலேருந்து அந்தக் கோவம். அழுதா நிறுத்தமாட்ட." என் பக்கம் நியாயம் இருந்தாலும் அது நியாயமாகப் படாது, நோயாகத்தான் படும். அதனால் மெல்லப் பேசப் பழகினேன். பிறகு மெல்லப் பேசுவதையும் குறைத்துக்கொண்டேன். காலையில் ஒரு மாத்திரை. வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் அதைக் குளியலறையில் வைத்து விழுங்குவேன்.

கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், அழுத்தமானிகளைப் பழுதுபார்த்துச் சரிபார்க்கும் பட்டறை இருந்தது. அழுத்தமானியை கேஜ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உரிமையாளர் ஒரு மராத்திக்காரர், நடுவயதுக்காரர். என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தார். மருத்துவப் பரிசோதனை எங்கே, எப்போது என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். "இங்க அதெல்லாம் கிடையாது. கண் தெரியுதா, கை நடுங்காம இருக்குதா, அவ்வளவுதான். நாளைக்கே வா." அந்த வேலையை நான் விரும்பி எடுத்துக்கொண்டேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் என் கையில் பட்டையைச் சுற்றாத இடம் என்பதுதான் உண்மை.

நாள் முழுக்க அழுத்தத்தை அளக்கிற வேலை எனக்கே வந்து சேர்ந்ததை நினைத்து முதல் சில வாரங்கள் கூசியது. பிறகு வேலை பிடித்துப்போனது. கேஜைத் திறந்தால் உள்ளே ஒரு பித்தளைக் குழாய், கேள்விக்குறி போல வளைந்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவில் ஊசி நகரும். சரிபார்ப்பதற்கு எடைக்கற்களை அடுக்கும் ஓர் எண்ணெய்க் கருவி உண்டு. இத்தனை பரப்பின் மேல் இத்தனை எடை என்றால் இத்தனை அழுத்தம், அதில் ஐயமே கிடையாது. கல்லை வைத்து மெதுவாகச் சுழற்றிவிட்டு, ஊசி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை.

கேஜ்கள் எல்லாம் ஒரே மொழி பேசாது. பழைய பாய்லர்களிலிருந்து வந்தவற்றில் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று இருக்கும். உள்ளூர் தயாரிப்புகளில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ. ஜெர்மன் இயந்திரங்களோடு வந்தவற்றில் பார், ஜப்பானியவற்றில் மெகாபாஸ்கல். உலைகளின் புகைபோக்கிகளுக்கு மாட்டுகிறவை மிக மென்மையானவை, அவை தண்ணீர் மில்லிமீட்டரில் காட்டும். ஒரு பார் என்பது பதினாலரை பவுண்டு. ஒரு கிலோ என்பது பதினாலே காலுக்கு ஒரு நூல் குறைவு. காற்று மண்டலத்தின் அழுத்தம், அதாவது ஒரு அட்மாஸ்பியர், பதினாலே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி. ஸ்கூட்டருக்குக் காற்றடிப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் நூறு பாருக்குப் போனால் அது நூற்றிரண்டு கிலோவாக இருக்கும், அந்த இரண்டை விட்டுவிட்டு சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது. மெகாபாஸ்கல் சுலபம். ஒன்று என்றால் பத்து பார்.

சேர்ந்த புதிதில், பக்கத்து வார்ப்படப் பட்டறையிலிருந்து ஒருவர் கோபமாக வந்தார். எங்களிடம் வாங்கி மாட்டிய கேஜைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"முன்னாடி இருந்தது நூறு காட்டிச்சு. இது ஏழைத் தாண்ட மாட்டேங்குது. கம்ப்ரசரையே பிரிச்சுப் பார்த்துட்டோம். கடைசியில உங்க கேஜ்தான் கோளாறு."

நான் அதை வாங்கிப் பார்த்தேன். முகப்பில் பார் என்று எழுதியிருந்தது. பழையது பவுண்டு கேஜ். நூறு பவுண்டும் ஏறக்குறைய ஏழு பாரும் ஒன்று. அதை நான் சொன்னதும் அவர் முகப்பை மறுபடி பார்த்தார். காது சிவந்துவிட்டது. கம்ப்ரசரைப் பிரிக்கச் சொன்னவரே அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். நிறையப் பேர் இப்படித்தான் கொண்டு வருகிறார்கள் என்று சொன்னேன். அது பொய். அவர்தான் முதல் ஆள். ஆனால் ஓர் எண் மனிதனைத் தலைகுனிய வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கையில் கிடைத்த அட்டையின் பின்பக்கத்தில், என் எண்ணையே மற்ற அளவுகளில் போட்டுப் பார்த்தேன். டாக்டர்கள் இன்னமும் பாதரச மில்லிமீட்டரில்தான் பேசுகிறார்கள். ஒரு பார் என்பது பாதரசத்தில் எழுநூற்றைம்பது மில்லிமீட்டர். என் நூற்று எழுபது கால் பார்கூட இல்லை. பவுண்டில் மூன்றே சொச்சம். சைக்கிள் டயரில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். அடுப்பில் விசிலடிக்கிற குக்கருக்குள் நாலு மடங்கு. என் எதிரே இருந்த பத்து பார் கேஜில் அதை ஏற்றினால் பூஜ்யத்தை விட்டு முதல் சின்னக் கோட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. சாதாரண மனிதருக்கு இருக்க வேண்டிய நூற்றிருபது, தண்ணீர்க் கம்பமாக நிறுத்தினால் கிட்டத்தட்ட என் உயரம். என்னுடையது இரண்டே கால் மீட்டருக்கு மேல், பட்டறை வாசல் நிலையைத் தொடும்.

எண் சின்னது என்று தெரிந்ததால் வெட்கம் குறையவில்லை. சைக்கிள் டியூப் தாங்குகிறதைத் தாங்க முடியாத உடம்பா இது என்றுதான் தோன்றியது. அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆகுர்டி பக்கத்தில் வேலை, குடும்பம் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, மாமா ஒருவர், கல்யாணமான அக்கா. அக்கா நர்ஸ் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பா என்னிடம் தனியாக வந்து, "மாத்திரையைப் போட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க உப்பைத் தொடவில்லை.

கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை என் வேலையைப் பற்றிக் கேட்டார், நல்லவராகத்தான் தெரிந்தார். அவருடைய தமிழ் பாதி இந்தியாக இருந்தது, என்னுடையதும் அப்படித்தான் என்று இருவரும் சிரித்தோம். அப்போது அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. எல்லாரும் ஒண்ணு சொல்லுதாவ. நான் நர்ஸா இருந்துக்கிட்டு பாக்காமப் போனா நாளைக்கு எங்கம்மா என்னையத்தான் கேப்பா."

கைப்பையைத் திறந்து, பட்டையும் டயலும் உள்ள கருவியை வெளியே எடுத்தாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர்கள் கேள்விப்பட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

அப்பா, "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார். குரலில் வலு இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாலே கோபக்காரி என்றாகிவிடும். பட்டுச் சேலையின் ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்தது. அவள் அதன் மேலேயே பட்டையைச் சுற்றினாள். டயலில் ஊசி ஏறி இறங்குவதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். அது துடிக்க ஆரம்பித்த இடத்தை அவளுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

"நூத்தி எழுவத்தஞ்சு," என்றாள் அக்கா. யாரிடமும் இல்லை, பொதுவாகச் சொன்னாள்.

"ஆளுவளப் பாத்த பயத்துல ஏறியிருக்கும்," என்றார் அப்பா.

"இருக்கும் மாமா. இருக்கும்."

அந்த 'இருக்கும்' என்ற சொல்லை அவள் சொன்ன விதம் மிக மரியாதையானது. மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா எழுந்து, என் கன்னத்தைத் தொட்டு, "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்றாள். செருப்பு மாட்டும் சத்தம், படியிறங்கும் சத்தம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கையில் பட்டை சுற்றிய இடத்தில் பட்டு கசங்கிப் போயிருந்தது. அம்மா அதை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல, வேலைதான் முக்கியம்ங்கா" என்று சொல்லிவந்தார். குழாயடியில் அவர் அப்படிச் சொல்வதை ஒரு நாள் நானே கேட்டேன். என்னைக் காப்பாற்றுகிறார் என்று தெரிந்தது. இப்படிக் காப்பாற்ற வேண்டிய ஒரு மகளாக இருக்கிறேனே என்று கூசியது. வேறு வரன் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு அந்த ஒரு மத்தியானம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு உடம்பு மெல்ல மெல்லச் சொல்லிக்காட்ட ஆரம்பித்தது. தேஹு ரோடு ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஏறினால் கெண்டைக்கால் மரத்துப்போகும். பாதங்கள் எப்போதும் சில்லிட்டிருக்கும், மே மாதத்தில்கூட. ரத்தமில்லை, சாப்பிடு என்றாள் அம்மா. ஒரு நாள் காலையில் பட்டறையில், முகப்புத் தகட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தபோது, வெள்ளைத் தகட்டின் மேல் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்தது. பிறகு இன்னொன்று. மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. பேக்கிங் பிரிவில் இருந்த மராத்திப் பெண் தன் துப்பட்டாவை என் மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றி, சிஞ்ச்வாடில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

ரத்தம் நின்ற பிறகு ஒரு பெண் டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்னவராக இருக்கலாம். நூற்றுத் தொண்ணூறு என்றார். எத்தனை வருடமாக இருக்கிறது, எப்படித் தொடங்கியது என்று இந்தியில் கேட்டார்.

நான் சொன்னேன். "எனக்குக் கோபம் அதிகம் மேடம். அதனாலதான்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யார் சொன்னாங்க?"

எல்லோரும் என்று சொல்ல வாயெடுத்தேன். இப்போது சொன்னது நானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கால்பக்கம் போய் பாதத்தின் மேல் விரல்களை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். மறுகால். பிறகு தொடை இடுக்கில். நர்ஸிடம் பெரிய பட்டையைக் கொண்டுவரச் சொல்லி என் தொடையில் சுற்றினார். எனக்கு வெட்கமாக இருந்தது, அங்கே யாரும் எதையும் சுற்றிப் பார்த்ததில்லை.

"கையில நூத்தித் தொண்ணூறு. கால்ல நூத்திப் பத்துகூட இல்ல," என்றார். "இத்தனை வருஷத்துல கால்ல யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"ஆரோக்கியமான உடம்புல கால்ல கையைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கணும்."

அதற்கு மேல் அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே குழாயில் இரண்டு இடத்தில் கேஜ் மாட்டியிருக்கிறது. முன்னால் இருப்பது அதிகம் காட்டுகிறது, பின்னால் இருப்பது குறைவு. பட்டறைக்கு இப்படி ஒரு புகார் வந்தால் நடுவில் எங்கே அடைப்பு என்றுதான் முதலில் கேட்போம். பம்புக்குக் குணம் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. பத்து வருடத்துக்கு மேல் அந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறேன். என்னைப் பற்றி மட்டும் நான் அப்படி யோசிக்கவே இல்லை. ஊர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன்.

ஸ்கேன் செய்தார்கள். இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாயில், கைகளுக்குப் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சுருக்குப் பையின் கழுத்தைப் போல ஓரிடம் குறுகியிருந்தது. பிறக்கும்போதே இருந்தது. அதைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளுவதற்காக இதயம் மேலே அத்தனை அழுத்தத்தையும் ஏற்றிவந்திருக்கிறது.

அம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதில் அவளுக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. "பச்சப்புள்ளையில பால் குடிக்கயில தெணறுவா. அழுவா. நான் அதக் கோவம்னு நெனச்சேன்," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் குழாய் குறுகியதற்கு அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அறுத்துத் திறக்க வேண்டாம், பலூன் வைத்து விரித்து ஒரு கம்பிவலைக் குழாயைப் பொருத்திவிடலாம் என்றார்கள். புனே நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. முழு மயக்கம் தரவில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். என் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததில், உதவியாளர் ஒருவர் கையிலிருந்த பெரிய ஊசிக்குழல் கண்ணில் பட்டது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன கேஜ். அந்த அரைமயக்கத்திலும் முகப்பைப் படித்தேன். வெளிவட்டத்தில் அட்மாஸ்பியர், உள்வட்டத்தில் பவுண்டு. பலூனுக்குள் திரவத்தை ஏற்ற ஏற்ற அவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு. ஆறு. எட்டு.

எட்டு அட்மாஸ்பியர் என்றால் எட்டு பாருக்குக் கொஞ்சம் மேலே. லாரி டயரில் அடிக்கிற காற்று. முதுகுக்குள் யாரோ முஷ்டியை வைத்துத் திருகுவதுபோல் வலித்தது. பாதரசத்தில் எண்பது மில்லிமீட்டர் வித்தியாசம், அதைத் திறக்க லாரி டயரா என்று அந்த வலிக்குள்ளும் கணக்கு ஓடியது.

"அந்த கேஜை யாராவது சரிபார்த்தாங்களா?" என்று இந்தியில் கேட்டேன்.

டாக்டர் என் முகத்துக்கு நேராகக் குனிந்தார். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. "ஏன்மா?"

"நான் கேஜ் சரிபார்க்கிறவ."

"இது ஒரு தடவைதான். அப்புறம் தூக்கிப் போட்டுடுவோம்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. படுத்துக்கிடக்கிற இடத்தில் இதையா கேட்பார்கள். ஆனால் இருபது வயதிலிருந்து நான் யாரிடமும் கேட்காத கேள்வி அது. என்னைப் பற்றி ஓர் எண்ணைச் சொன்னவர்கள் எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். கருவியில் பிழையில்லை. அதற்கு மேல் அவர்கள் சொன்னதைத்தான், அது சரிதானா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் என் பாதங்கள் சூடாக இருந்தன. போர்வைக்குள் ஒன்றோடு ஒன்று உரசிப் பார்த்துக்கொண்டேன். கையில் நூற்று முப்பத்தைந்து. காலிலும் ஏறக்குறைய அதுவே.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு புதிய தொல்லை தொடங்கியது. அப்பா அப்போது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார், அது அதுவரை அம்மாவும் நானும் செய்த வேலை. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, இடது கையை மடக்கி, வலது கைவிரலால் முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டி, விளக்குவார்.

"கோவமெல்லாம் ஒண்ணும் கெடையாது. குழாய் இந்த எடத்துல சுருங்கியிருந்திருக்கு. பொறவியிலயே. மேல அழுத்தம், கீழ இல்ல. இப்பத் தொறந்தாச்சு."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பலருக்குப் பழைய கதையே மறந்துபோயிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நான் யார் என்றே தெரியாது. ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா, "அப்பம் பொறவிக் கோளாறா? அதான் கல்யாணம் பண்ணலயாக்கும்," என்று அனுதாபத்தோடு கேட்டாள். அப்பா கையை மடக்கியபடியே நின்றார். "இல்ல, இப்பச் சரியாயிட்டு" என்றார். அதையே மறுபடி சொன்னார்.

அவர் குடத்தோடு உள்ளே வந்ததும் நான் கேட்டேன். "எதுக்குப்பா ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்லுதிய? எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

அப்பா குடத்தை இறக்கி வைத்தார். துண்டால் தோளைத் துடைத்தார்.

"அந்தப் பொம்பள மெஷின எடுத்தாள்லா," என்றார். எந்தப் பெண் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அன்னிக்கே, வைம்மா உள்ளன்னு நான் சொல்லியிருக்கணும். எம் பிள்ளையத் தொடாதன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. இப்பச் சொல்லுதேன்."

"இப்பச் சொல்லி என்ன?"

"ஒண்ணுமில்லதான்."

அவர் சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீரைப் பானையில் ஊற்றினார். மறுநாளும் குழாயடிக்கு அவர்தான் போனார். கையை மடக்கிக் காட்டவில்லை. வரிசையில் நின்றார், நிரப்பினார், வந்தார். யாரோ என்னைப் பற்றி விசாரித்தபோது, "வேலைக்குப் போயிட்டா, நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னதாக அம்மா சொன்னாள்.